டயலாக் பெட்டியில் ஸ்லைடர்: புதியவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

எழுத்தளவு எவ்வளவு வேண்டும் என்று பயனரிடம் எண்ணாகக் கேட்பதைவிட, இழுத்துப் பார்த்து முடிவு செய்ய விடுவதே நல்லது. விஷுவல் ஸ்டுடியோவில் எம்எஃப்சி (மைக்ரோசாஃப்ட் ஃபவுண்டேஷன் கிளாசஸ்) நூலகம் கொண்டு, 10 முதல் 40 வரை நகரும் ஸ்லைடர் ஒன்றைச் செய்வோம்.

பெட்டியில் வைப்பது

எம்எஃப்சி தனியாகத் தேர்ந்து நிறுவ வேண்டிய பகுதி. முதலில் அது இருக்கிறதா என்று பாருங்கள். புதிய புராஜெக்டில் டயலாக் வகையைத் தேர்ந்தெடுத்து, டூல்பாக்ஸிலிருந்து ஸ்லைடரையும், எண்ணைக் காட்ட ஒரு ஸ்டாட்டிக் டெக்ஸ்டையும் இழுத்து வையுங்கள். ஸ்டாட்டிக் டெக்ஸ்டின் ஐடியைக் கட்டாயம் மாற்றுங்கள். எல்லா ஸ்டாட்டிக்குக்கும் ஒரே பொது ஐடிதான் வரும். ஸ்லைடர்மேல் ரைட் கிளிக் செய்து, கன்ட்ரோல் வகை வேரியபிள் ஒன்றைச் சேருங்கள்.

எல்லை குறிப்பது

எல்லை குறிக்காவிட்டால் ஸ்லைடர் 0 முதல் 100 வரை ஓடும். ஆன்இனிட்டயலாக் ஃபங்ஷனில், தாய் வகுப்பின் அழைப்புக்குப் பிறகு செட்ரேஞ்சில் 10, 40 என்றும், செட்பாஸில் 16 என்றும் கொடுங்கள். அந்த அழைப்புக்கு முன்னால் எழுதினால் வேரியபிள் இன்னும் ஸ்லைடரோடு இணைந்திருக்காது. புரோகிராம் அசர்ஷன் பிழை காட்டி நிற்கும். கோடுகள் வேண்டுமென்றால் ஸ்லைடரின் பண்புகளில் டிக் மார்க்ஸ், ஆட்டோ டிக்ஸ் இரண்டையும் ட்ரூ ஆக்கி, செட்டிக்ஃப்ரீக்கில் 5 கொடுங்கள்.

அசைவைக் கேட்பது

புதியவர்கள் தடுமாறும் இடம் இதுதான். கிடையான ஸ்லைடர் நகரும்போது டயலாக்கின் ஆன்ஹெச்ஸ்க்ரோல் ஓடும். அதன் என்பாஸ் மதிப்பை நம்பாதீர்கள். மவுஸால் இழுக்கும்போதும் இழுத்து விடும்போதும் மட்டுமே அதில் சரியான இடம் இருக்கும்; அம்புக்குறி விசையை அழுத்தினால் இருக்காது. எப்போதும் ஸ்லைடரையே கெட்பாஸ் மூலம் கேளுங்கள். வந்த எண்ணை செட்டயலாக்ஐட்டம்இன்ட் வழியாக ஸ்டாட்டிக்கில் எழுதுங்கள்.

இரண்டு ஸ்லைடர் இருந்தாலும் ஓடுவது இதே ஃபங்ஷன்தான். எது நகர்ந்தது என்பதை பிஸ்க்ரோல்பார் பாயின்டரை வைத்துப் பிரித்தறியுங்கள்.

செட்பாஸ் இந்த ஃபங்ஷனை ஓட்டாது. அதனால் முதல் எண்ணையும் ஆன்இனிட்டயலாக்கிலேயே எழுதிவிடுங்கள். இல்லையென்றால் திறந்தவுடன் பயனர் பார்ப்பது வெறும் ‘ஸ்டாட்டிக்’ என்ற சொல்லை.

செங்குத்தாக நிறுத்தினால்

அப்போது வருவது ஆன்விஸ்க்ரோல். மேல் முனை 10, கீழ் முனை 40. ஆனால் மேலே தள்ளினால் எண் கூடும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். அதனால் 50-இலிருந்து கெட்பாஸ் மதிப்பைக் கழித்துக் காட்டுங்கள். தொடக்க இடத்தையும் 34 என்று கொடுத்தால் திறந்ததும் 16 தெரியும்.