முற்றும்மையும் எதிர்மறையும்: கணினிவழிக் குறியீட்டு அளவையியல் கற்றலில் தமிழ்த் தொடர்கள்

ஆய்வுச் சுருக்கம்

குறியீட்டு அளவையியலின் தொடக்கப் பாடங்களைக் கற்பிக்கும் மென்பொருள்கள் வாய்பாட்டைச் சோதிக்கின்றன. இயல்புமொழித் தொடரை வாய்பாடாக்கும் பணி கற்போரிடமே எஞ்சுகிறது. முற்றும்மை எதிர்மறை வினையோடு வரும் தமிழ்த் தொடர்களில் அப்பணி எத்தகைய இடர்ப்பாட்டை எதிர்கொள்கிறது என்பதையும், அதற்கு இலக்கண நூல்களும் மணிமேகலையும் எவ்வாறு துணைநிற்கின்றன என்பதையும் சின்னமனூர்ச் செப்பேட்டுச் செய்தியைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: அளவையியல், முற்றும்மை, அளவாக்கி, ஏதுப்போலி, சின்னமனூர்ச் செப்பேடு.

முன்னுரை

கணினியின் துணையால் அளவையியலைக் கற்பிக்கும் முயற்சி புதியதன்று. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பேட்ரிக் சப்பீசு 1960களிலேயே இதனைத் தொடங்கினார். 1972 முதல் அங்குத் தொடக்கநிலை அளவையியல் பாடம் கணினிவழி நடத்தப்பெற்றது. பின்னர் ஜான் பார்வைசும் ஜான் எட்செமெண்டியும் உருவாக்கிய 'டார்ஸ்கிஸ் வேர்ல்டு' என்னும் மென்பொருள், சதுரங்கப் பலகை போன்ற ஒரு களத்தில் கனசதுரம் முதலான திண்ம வடிவங்களை வைத்து, ஒரு வாய்பாடு அக்களத்தில் மெய்யா பொய்யா என உடனுக்குடன் காட்டுகிறது. 'ஃபிட்ச்' என்பது நிறுவலின் ஒவ்வொரு படியும் விதிக்கு இயைகிறதா எனச் சரிபார்க்கிறது. தமிழ்வழிக் கற்போர் இவற்றைப் பயன்கொள்ளுங்கால் எழும் முதற்சிக்கல் மொழிசார்ந்தது.

உம்மையும் அளவாக்கியும்

தொல்காப்பிய இடையியல் உம்மைக்கு எச்சம், சிறப்பு, ஐயம், எதிர்மறை, முற்று, எண், தெரிநிலை, ஆக்கம் என எண்பொருள் கூறுகிறது. இவற்றுள் எண்ணும்மை அளவையியலின் இணைப்புக்குறிக்கும் (∧), முற்றும்மை முழுமை அளவாக்கிக்கும் (∀) அண்மையன. ஓரிடைச்சொல்லே இருவேறு குறிகளின் பணியை ஆற்றுதலின், தொடரின் வடிவை மட்டும் நோக்கி வாய்பாடு எழுதுதல் இயலாது.

எதிர்மறை வினை சேரும்போது சிக்கல் மிகுகிறது. முற்றும்மை ஒரோவழி எச்சப்பொருள் தருதலும் உண்டு எனத் தொல்காப்பியமும் நன்னூலும் விதிக்கின்றன. 'எல்லாரும் வரவில்லை' என்பது ஒருவரும் வராமையையும் உணர்த்தலாம். சிலர் வந்தமையையும் உணர்த்தலாம்.

சின்னமனூர்ச் சான்று

அரிகேசரி நல்லூர் என முற்காலத்தில் வழங்கிய சின்னமனூரில் கிடைத்த செப்பேடுகளுள் பெரியது, பாண்டியன் இராசசிம்மன் காலத்தது. பாரதம் தமிழ்ப்படுத்தப்பட்டதையும் மதுரையில் சங்கம் நிறுவப்பட்டதையும் அது பாண்டியர் செயல்களாகக் கூறுகிறது. இனி, 'பாண்டியர் செப்பேடுகள் அனைத்தும் மதுரைச் சங்கத்தைக் குறிப்பிடவில்லை' என்னும் தொடரை நோக்குக. 'க பாண்டியர் செப்பேடு' என்பதை ப(க) எனவும், 'க சங்கத்தைக் குறிப்பிடுகிறது' என்பதை ச(க) எனவும் கொள்ளின், அத்தொடர் மூன்று வாய்பாடுகளுக்கு இடந்தருகிறது:

(1) ∀க (ப(க) → ¬ச(க))
(2) ¬∀க (ப(க) → ச(க))
(3) ¬∀க (ப(க) → ச(க)) ∧ ∃க (ப(க) ∧ ச(க))

முதலாவது, எந்தச் செப்பேடும் குறிப்பிடவில்லை என்பது. இரண்டாவது, குறிப்பிடாத செப்பேடு ஒன்றேனும் உண்டு என்பது. மூன்றாவது, குறிப்பிடாததும் உண்டு, குறிப்பிடுவதும் உண்டு என்பது. முதலாவதைப் பொய்ப்பிக்கச் சின்னமனூர்ப் பெரிய செப்பேடு ஒன்றே போதும். இரண்டாவதை நிறுவ அச்செப்பேடு உதவாது. சங்கத்தைக் குறிப்பிடாத பிறிதொரு செப்பேட்டைக் காட்டல் வேண்டும். மூன்றாவதற்கு இரண்டும் வேண்டும். ஒரே தொடர் வெவ்வேறு சான்றுகளை வேண்டி நிற்றலின், ஆய்வுரையில் இத்தகைய தொடரைப் பொருள் வரையறுக்காது எழுதுதல் வாதத்தையே தடம்புரளச் செய்யும்.

மென்பொருள் இவ்விடத்தில் நற்றுணையாகிறது. களத்தில் மூன்று கனசதுரங்களை வைத்து, 'மூன்றும் பெரியன அல்ல' என்னும் தொடருக்கு மேற்கூறிய மூவகை வாய்பாடுகளையும் அமைத்துச் சோதிக்கலாம். ஒன்றும் பெரிதாக இல்லாதபோது முதலிரண்டும் மெய், மூன்றாவது பொய். ஒன்று மட்டும் பெரிதாயின் முதலாவது பொய். ஏனைய இரண்டும் மெய். மூன்றும் பெரியனவாயின் மூன்று வாய்பாடுகளும் பொய். இச்சோதனையால், இலக்கணம் கூறும் எச்சப்பொருள் வெறும் முழுமை மறுப்பாகிய இரண்டாவதன்று, எஞ்சியவற்றின் உண்மையையும் உடன்கூறும் மூன்றாவதே என்பது புலனாகிறது. பாடநூல்களில் இரண்டாவதும் மூன்றாவதும் வேறுபடுத்தப்படாவிடின், தமிழ் மாணவர் இலக்கண அறிவால் சரியாக உணர்ந்த பொருளே பிழையெனக் கருதப்படக்கூடும்.

மென்பொருள் காணாத போலி

பின்வரும் வாதத்தை நோக்குக: செப்பேடு கூறுவன அனைத்தும் வரலாற்று உண்மை, மதுரையில் சங்கம் நிறுவப்பட்டதெனச் செப்பேடு கூறுகிறது, ஆகவே அது வரலாற்று உண்மை. நிறுவலைச் சரிபார்க்கும் மென்பொருள் இதனைத் தடையின்றி ஏற்கும். முடிபு எடுகூற்றுகளிலிருந்து முறையாகப் பெறப்படுகிறதா என்பதே அதன் வினா. எடுகூற்று மெய்யா என்பது அதன் எல்லைக்கு அப்பாற்பட்டது.

மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் உணர்த்தும் அளவை நெறி இவ்வெல்லையைக் கடந்து செல்கிறது. பக்கம், ஏது, திட்டாந்தம் ஆகியவற்றின் போலிகள் அங்கு வகுத்துரைக்கப்படுகின்றன. ஏதுப்போலியின் ஒரு வகையாகிய அசித்தத்துள், வாதிடுவோர் இருவருள் ஒருவர்க்கு ஏது உடன்பாடன்றி நிற்றல் அன்னியதராசித்தம் எனப்படும். செப்பேட்டு மெய்க்கீர்த்தியை அரசகுலப் புகழுரையாகவே கொள்ளும் ஆய்வாளர்முன் 'செப்பேடு கூறுதலின்' என்னும் ஏது இவ்வகைக்குற்றம் உடையதாகும். அவரை உடன்படுத்தப் பிற கல்வெட்டு, இலக்கியச் சான்றுகள் வேண்டப்படும்.

முடிவுரை

தமிழ்வழித் தொடக்கநிலைப் பயிற்சி மூன்று படிகளாக அமைதல் தகும். முதலாவதாக, தொடருக்கு இயலும் பொருள்களை உரையாசிரியர் நெறியில் தமிழிலேயே விரித்தெழுதல். இரண்டாவதாக, ஒவ்வொன்றையும் வாய்பாடாக்கி மென்பொருளில் சோதித்தல். மூன்றாவதாக, எடுகூற்று எதிர்வாதிக்கும் உடன்பாடாமாறு உண்டா என வினவுதல். நடுப்படியை மட்டுமே கணினி ஏற்கும். முதற்படிக்கு இலக்கணமும் இறுதிப்படிக்கு மணிமேகலையின் அளவை நெறியும் தமிழ் மாணவர் முன்னரே பயின்றவை. ஆதலின், குறியீட்டு அளவையியல் தமிழ்த்துறைக்கு அயலான பாடமன்று. தம் ஆய்வுரைகளின் சான்றும் முடிபும் இயைகின்றனவா எனத் தாமே சோதித்தறியும் கருவியாக ஆய்வாளர் அதனைக் கொள்ளலாம்.