மனதை அளக்க ஒரு படிப்பு

'பச்சை' என்ற சொல்லைச் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் எழுதுங்கள். 'நீலம்' என்பதை மஞ்சளில் எழுதுங்கள். இப்படி இருபது சொற்களை ஒரு தாளில் நிரப்பி வீட்டில் யாரிடமாவது நீட்டுங்கள். "சொல்லைப் படிக்க வேண்டாம், மையின் நிறத்தை மட்டும் வரிசையாகச் சொல்லுங்கள்." நாலாவது சொல்லுக்குள் நாக்கு குழறும். நிறமும் சொல்லும் ஒத்துப்போகிற இன்னொரு தாளைக் கொடுங்கள், மளமளவென்று முடித்துவிடுவார். செல்போன் ஸ்டாப்வாட்ச்சில் இரண்டு நேரத்தையும் குறித்து வையுங்கள்.

1935-ல் ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் வெளியிட்ட புகழ்பெற்ற சோதனையின் எளிய வடிவம் இது. வாசிப்பு நமக்கு அனிச்சையாகிவிட்டது, வேண்டாம் என்றாலும் கண் படித்துவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத மனதின் வேலையை இப்படி விநாடிக் கணக்கில் பிடிக்கப் பார்க்கிற துறைதான் காக்னிட்டிவ் சயின்ஸ் என்கிற அறிதிறன் அறிவியல்.

ஆறு தெருக்கள் கூடும் சந்தி

உளவியல், மொழியியல், கணினி அறிவியல், நரம்பியல், தத்துவம், மானுடவியல் ஆகிய ஆறும் சேர்ந்தது இந்தத் துறை. 1956 செப்டம்பர் 11-ஐ இதன் பிறந்தநாள் என்று சொன்னவர் உளவியலாளர் ஜார்ஜ் மில்லர். அன்று எம்.ஐ.டி. கருத்தரங்கில் மொழியியலாளர் சாம்ஸ்கி மொழியைப் பற்றிப் பேசினார். செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர்கள் நியூவெல்லும் சைமனும் தருக்கத் தேற்றங்களை நிறுவும் கணினி நிரலைப் பற்றிச் சொன்னார்கள். 1986-ல் சான் டியாகோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் இதற்கென்றே தனித் துறை தொடங்கியது.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன் ஆய்வு செய்ததும் அதே பல்கலைக்கழகத்தில்தான். கையை இழந்தவர்களுக்கு அந்த இல்லாத கை வலிப்பது ஏன் என்று பார்க்க, அவர் நடுவில் கண்ணாடி பொருத்திய ஒரு பெட்டியைப் பயன்படுத்தினார். கோடி ரூபாய் கருவி எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. இந்தத் துறையில் நுழைபவருக்கு முதல் பாடம் இது: கேள்வி கூர்மையாக இருந்தால் கருவி எளிமையாக இருக்கலாம்.

எங்கே படிக்கலாம்?

காந்திநகர் ஐ.ஐ.டி.யிலும் டெல்லி ஐ.ஐ.டி.யிலும் எம்.எஸ்சி. இருக்கிறது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் ஆய்வுப் படிப்புகளுக்கான தனித் துறையே உண்டு. அலகாபாத் பல்கலைக்கழகத்திலும் ஹைதராபாத் பல்கலைக்கழகத்திலும் இதற்கான மையங்கள் செயல்படுகின்றன. வெளிநாடு என்றால் ஜெர்மனியின் ஓஸ்னாப்ரூக் நல்ல பெயர் பெற்றது.

"நான் பி.ஏ. இலக்கியம், எனக்கு இடம் கிடைக்குமா?" என்று தயங்க வேண்டாம். காந்திநகர் போன்ற இடங்களில் எந்தப் பட்டதாரியும் விண்ணப்பிக்கலாம். எந்தத் தேர்வு, என்ன மதிப்பெண் என்பது இடத்துக்கு இடம், ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் அந்த ஆண்டின் அறிவிப்பை வரி விடாமல் படியுங்கள். கேட் தேர்வின் ஹியூமானிட்டீஸ், சமூக அறிவியல் தாளில் உளவியல், மொழியியல், தத்துவம் மூன்றும் விருப்பப் பிரிவுகளாக உள்ளன.

ஒரு எச்சரிக்கை. மனநல ஆலோசகர் ஆவதுதான் உங்கள் ஆசை என்றால் பாதை வேறு. மருத்துவ உளவியலாளராகப் பணிபுரிய இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் அங்கீகரித்த படிப்பும் பதிவும் வேண்டும்.

கையில் என்ன சரக்கு வேண்டும்?

முதலாவது புள்ளியியல். கலைப் பிரிவு மாணவர்கள் பலர் மலைத்து நிற்பது இங்கேதான். சேர்வதற்கு ஆறு மாதம் முன்பே ஆர் என்ற புள்ளியியல் கணினி மொழியில் கை பழகுங்கள். அடுத்தது பைதான் நிரல்மொழி. அதில் அமைந்த சைக்கோபை என்ற இலவச மென்பொருளைக் கொண்டு, திரையில் சொல் தோன்றியதிலிருந்து விசை தட்டும் வரை ஆன நேரத்தை மில்லி விநாடியில் பதிவு செய்யலாம்.

மூன்றாவது, சந்தேகப்படும் பழக்கம். உளவியல் ஆய்வுகள் 100-ஐ மறுபடி செய்துபார்த்த முடிவு 2015-ல் வெளிவந்தது. மூல ஆய்வுகளில் 97 சதவீதம் புள்ளியியல்படி பொருள்படும் விளைவைக் காட்டியிருந்தன. மறுசோதனையில் அப்படிக் காட்டியவை 36 சதவீதம்தான். அதனால்தான் இன்று எதைச் சோதிக்கிறோம், எத்தனை பேரிடம், எப்படிக் கணக்கிடுவோம் என்பதை முன்கூட்டியே பதிவு செய்துவிட்டுத் தொடங்கும்படி கேட்கிறார்கள். மனிதர்களிடம் சோதனை செய்ய நெறிமுறைக் குழுவின் அனுமதியும் வேண்டும். அதற்கு ஆகும் காலத்தையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கைடைத் தேடும்போது

நிறுவனத்தின் பெயரைப் பார்த்து முடிவெடுக்காமல், பேராசிரியரின் சமீபத்திய இரண்டு கட்டுரைகளைப் படியுங்கள். பிறகு பத்து வரியில் மின்னஞ்சல் அனுப்புங்கள். 'தங்கள் ஆய்வு என்னைக் கவர்ந்தது' என்பது எல்லோரும் எழுதும் வரி. அந்தக் கட்டுரையில் உங்களுக்கு எழுந்த ஒரே ஒரு சந்தேகத்தை எழுதினால் பதில் வர வாய்ப்பு அதிகம். அவரிடம் இப்போது பி.எச்டி. செய்பவர்களோடும் பேசிவிடுங்கள். ஐந்து வருடம் சேர்ந்து ஓட்ட வேண்டிய வண்டி அது.

சோற்றுக்கு வழி?

யு.ஜி.சி.யின் இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். ஆய்வை விட்டு வெளியே வந்தால் செயலிகளை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராயும் யூ.எக்ஸ். ஆய்வாளர் வேலை, பேச்சு, மொழித் தொழில்நுட்பம், கல்வி மென்பொருள் எனக் கதவுகள் உண்டு. அங்கே பட்டத்தின் பெயரைவிட நீங்கள் நடத்திக் காட்டிய சோதனைகள் பேசும்.

மறுபடி அந்தத் தாள்

இப்போது முதல் சோதனைக்குத் திரும்புவோம். கடினமான தாளை எல்லோருக்கும் முதலில் கொடுத்தீர்களா? அப்படியானால் இரண்டாவது தாளில் வந்த வேகம் வெறும் பழக்கத்தால்கூட வந்திருக்கலாம். பாதிப் பேருக்கு வரிசையை மாற்றிக் கொடுங்கள். நிறக்குருடு உள்ளவர் இருக்கிறாரா என்று கேளுங்கள்.

அடுத்து அதே தாளை ஆங்கிலச் சொற்களிலும் தயாரியுங்கள். தமிழ் வழியில் படித்த நண்பர்கள் சிலர், ஆங்கில வழியில் படித்தவர்கள் சிலர். யாருக்கு எந்தத் தாளில் நாக்கு அதிகம் குழறுகிறது? வீட்டில் தமிழ் பேசினாலும் படிப்பெல்லாம் ஆங்கிலத்தில் முடித்த பிள்ளைக்கு எந்த எழுத்து அனிச்சையாகியிருக்கும்? ஊகத்தை முதலில் எழுதிவைத்துவிட்டு அளந்து பாருங்கள். "ஏன் இந்தத் துறை?" என்று நேர்காணலில் கேட்டால், அந்த இரண்டு தாள்களையும் நேரக் குறிப்பையும் மேசைமேல் வையுங்கள்.