இறங்கும் காலைப் பழக்கு

அன்புள்ள தம்பிக்கு,

சாய்ந்தமருதிலிருந்து நீ அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். காலில் பலம் இருக்கிறது, பயம் இல்லை. சல்கோ, டோ லூப் பாய்ச்சல்களை எல்லாம் எப்போது பழகலாம் என்று கேட்டிருந்தாய். பாய்வதைப் பற்றிப் பேசுமுன் உன் ஸ்கேட் சப்பாத்தைத் திருப்பி அடியைப் பார்.

அச்சுக்கும் தட்டுக்கும் இடையில் ரப்பர் இருக்கிறதல்லவா? நீ இடப்பக்கம் சாய்ந்தால் அது அமுங்கும். இடப்பக்கத்து முன்சில்லும் பின்சில்லும் ஒன்றையொன்று நெருங்கும். சப்பாத்து தானாக இடம் வளையும். 1863இல் நியூயோர்க்கில் ஜேம்ஸ் பிளிம்டன் கண்டுபிடித்த உபாயம் இது. அதுவரை சில்லுச் சப்பாத்தில் நேரே ஓடலாம், வளைவதுதான் பெரும்பாடு. அந்தச் சாய்வைத்தான் எட்ஜ் என்கிறோம். உள் எட்ஜ், வெளி எட்ஜ், முன்னோக்கியும் பின்னோக்கியும், இரண்டு காலுக்கும் சேர்த்து எட்டு.

இந்த எட்டில் ஒன்றில்தான் உன் கேள்விக்கு விடை இருக்கிறது. சல்கோ உள் எட்ஜில் கிளம்பும், லூப் வெளி எட்ஜில் கிளம்பும், ஃபிளிப்புக்கும் லட்ஸுக்கும் சப்பாத்தின் முன்கட்டையால் தரையை ஊன்ற வேண்டும். அக்ஸல் ஒன்றுதான் முன்னோக்கிக் கிளம்புவது. அதனால் அரைச் சுற்று கூடுதல். கிளம்புவது எப்படியானாலும் இவை எல்லாம் வந்து இறங்குவது பின்னோக்கிய வெளி எட்ஜில். அதை ஒற்றைக் காலில் நிலையாகப் பிடிக்கத் தெரியாதவன் எவ்வளவு உயரம் பாய்ந்தும் பயனில்லை.

உன் வீடியோவில் அந்த எட்ஜ் வரும் இடத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். வலக்காலில் பின்னோக்கிப் போகும்போது வலத்தோள் முன்னுக்கு வந்துவிடுகிறது. உடம்பு சுழன்றுகொண்டே போகிறது, கடைசியில் இடக்கால் தரையைத் தொடுகிறது. இடக்கையை முன்னே நீட்டு, வலக்கையைப் பக்கவாட்டில் நிறுத்து, முழங்காலை மடித்தே வை. குனிந்து சில்லைப் பார்க்காதே. சீமெந்துத் தரையில் சோக்கால் 6 மீற்றர் விட்டத்தில் வட்டம் கீறி, கோட்டை விடாமல் சுற்று. சலிப்பாகத்தான் இருக்கும். ஆனாலும் விடாதே.

ஹைதராபாத்தின் ரோலர் ஸ்கேட்டிங் வீரர் அனூப் குமார் யாமா 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டு விழாவில் தனியாக ஒரு வெண்கலமும், அவனி பஞ்சாலோடு ஜோடியாக ஒரு வெண்கலமும் வென்றவர். 2015இல் அர்ஜுனா விருதும் கிடைத்தது. அவர் ஆடுவதைப் பார்க்கும்போது பாய்ச்சலை விட்டுவிட்டு, இறங்கிய பிறகு வரும் வளைவை மட்டும் கவனி.

மரத்தளம் போட்ட அரங்குக்காகக் காத்திராதே. சொரசொரப்பான சீமெந்துக்கு 78ஏ கடினத்தன்மை அளவுள்ள மென்மையான சில்லு போதும். நம் கரையில் மணல்தான் எதிரி. ஒரு பிடி மணல் கிடந்தாலே எட்ஜ் வழுக்கும், ஆகவே முதலில் தரையைக் கூட்டு. உப்புக்காற்றில் பெயாரிங் துருப்பிடிக்கும். தண்ணீரில் கழுவாமல் துடைத்து எண்ணெய் விடு. ஹெல்மெட்டும் மணிக்கட்டுக் காப்பும் இல்லாமல் பயிற்சிக்கு இறங்கவே கூடாது.

பாட்டு தேடி அலையவும் வேண்டாம். நம் பெரியவர்களின் பொல்லடி ஆட்டத்தில் தாளமும் இருக்கிறது, வட்டமாகச் சுற்றி வரும் அடியும் இருக்கிறது. அந்தத் தாளத்துக்கு உன் எட்ஜ்கள் மாறி மாறி விழுவதைப் பார்க்க எனக்கு ஆசை.

அடுத்த வீடியோவில் பாய்ச்சல் வேண்டாம். பின்னோக்கிய வெளி எட்ஜ் மட்டும், முதலில் வலக்கால், பிறகு இடக்கால், ஒவ்வொன்றிலும் ஒரு முழு வட்டம். தோள் தெரியும்படி யாரையாவது தள்ளி நின்று எடுக்கச் சொல்.