வேகச் சோதனை எண்கள் சொல்வது என்ன?

ஜார்ஜ் டவுன், சூலியா தெருவில் உள்ள பழைய கடைவீடுகளின் முகப்பு குறுகியது, உட்புறமோ நீளமானது. சுவர்கள் தடித்த செங்கற்சுவர்கள். 2008ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தகுதியைப் பெற்ற இந்நகரின் அடையாளங்களுள் இவ்வீடுகளும் அடங்கும். காற்றும் வெளிச்சமும் வர நடுவே முற்றம் வைத்துக் கட்டியவர்கள், அருகலையை எண்ணியிருக்க முடியாது!

இத்தகைய வீடொன்றின் முன்னறையில் திசைவி இருப்பதாகக் கொள்வோம். வாங்கிய சேவை, வினாடிக்கு 100 மெகாபிட். பின்னறையில் இயங்கலை வகுப்பில் இருக்கும் மாணவிக்கு ஆசிரியரின் குரல் விட்டுவிட்டுக் கேட்கிறது. கைப்பேசியில் வேகத்தைச் சோதித்தால் 18 என்று காட்டுகிறது. "இதைவிட வேகமான திட்டத்துக்கு மாறிவிடலாமா?" என்கிறார் அப்பா. மாதக் கட்டணம் நிச்சயம் கூடும். வகுப்பு சரியாகுமா?

சோதனை அளப்பது வீட்டுக்கு வரும் இணைப்பை மட்டுமன்று. சோதனை வழங்கியிலிருந்து கைப்பேசி வரையுள்ள முழுப் பாதையையும் அளக்கிறது. அப்பாதையில் எது மிக மெதுவானதோ அதுவே எண்ணாகத் தெரியும். எனவே, மடிக்கணினியைத் திசைவியுடன் கம்பிவழி இணைத்து மீண்டும் சோதிக்க வேண்டும். அப்போது 95 கிடைத்தால் குறை சேவையில் இல்லை, சுவர்களில் இருக்கிறது. திசைவியை வீட்டின் நடுப்பகுதிக்கு மாற்றுவதே முதலில் செய்யத்தக்கது. அதற்குச் செலவும் குறைவு.

திரையில் வேறு எண்களும் உண்டு. பதிவிறக்க வேகம் காணொலி பார்க்க உதவும். நம் முகமும் குரலும் ஆசிரியரைச் சென்றடையப் பதிவேற்ற வேகம் வேண்டும். பலர் இதைப் பார்ப்பதே இல்லை. மில்லிவினாடியில் காட்டப்படும் தாமதம், ஒரு செய்தி போய்த் திரும்பும் நேரம். கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் செல்லும். சென்னை இங்கிருந்து 2,000 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. ஆகவே, எவ்வளவு பணம் கட்டினாலும் அங்குள்ள வழங்கிக்கான தாமதம் 20 மில்லிவினாடிக்குக் கீழே இறங்காது.

எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே, 100 மெகாபிட் இணைப்பில் வினாடிக்கு 12.5 மெகாபைட்தான் இறங்கும். 750 மெகாபைட் கோப்புக்கு ஒரு நிமிடம் ஆவது இயல்பே.

கம்பிவழியிலும் வேகம் குறைவாகவே இருந்தால், பகலிலும் இரவிலும் சில நாள்கள் சோதித்து, நாள், நேரம், எண்களைக் குறித்து வைத்துச் சேவை நிறுவனத்திடம் புகார் செய்யலாம். அங்குத் தீர்வு கிடைக்காதபோது மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தை நாடலாம்.