உபரி ஹார்ட் டிஸ்க்கில் லினக்ஸ்

“லினக்ஸ் போட்டுப் பார்க்க ஆசைதான். ஆனால் விண்டோஸும் அதில் உள்ள போட்டோக்களும் அழிந்து போனால் என்ன செய்வது?” புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் பலர் என்னிடம் இப்படிக் கேட்பதுண்டு. நியாயமான பயம்தான். பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றி வைத்த ஹார்ட் டிஸ்க் ஒன்று வீட்டில் இருந்தால் அந்தப் பயம் தேவையில்லை.

லினக்ஸ், 1991ல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கியது. இன்று பல வடிவங்களில் இலவசமாகக் கிடைக்கிறது. விண்டோஸ் பழகியவர்களுக்கு நான் சொல்வது லினக்ஸ் மின்ட். இதன் ஸ்டார்ட் மெனு, டாஸ்க் பார் எல்லாம் பழகிய இடத்திலேயே இருக்கும். 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான சப்போர்ட் முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய கம்ப்யூட்டர்களுக்கும் இது நல்ல வழி.

தேவையானவை: 4 ஜிபி ராம், 100 ஜிபி அல்லது அதற்கு மேல் இடமுள்ள உபரி ஹார்ட் டிஸ்க், 8 ஜிபி பென் டிரைவ். ஹார்ட் டிஸ்க், பென் டிரைவ் இரண்டிலும் உள்ளவை முழுவதும் அழிந்துவிடும். வேண்டிய பைல்களை முதலில் வேறு இடத்தில் காப்பி செய்து கொள்ளுங்கள். விண்டோஸில் பிட்லாக்கர் இயங்கினால், அதன் ரெகவரி கீயையும் ஒரு தாளில் குறித்து வைக்கவும். இந்த விளக்கம் டெஸ்க்டாப் கம்ப்யூட்டருக்கானது.

1. லினக்ஸ் மின்ட் தளத்திலிருந்து சின்னமன் பதிப்பின் ஐஎஸ்ஓ பைலை டவுண்லோட் செய்திடவும். இதனை அப்படியே பென் டிரைவில் காப்பி செய்தால் பூட் ஆகாது. ரூபஸ் என்ற இலவச புரோகிராம் மூலம் எழுத வேண்டும்.

2. கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்து, பவர் கேபிளைப் பிடுங்கவும். கேபினட்டைத் திறந்து, விண்டோஸ் உள்ள டிஸ்க்கின் சாட்டா கேபிளைக் கழற்றிவிட்டு, உபரி டிஸ்க்கை இணைக்கவும். விண்டோஸ் எம்.2 வகை எஸ்எஸ்டியில் இருந்தால், அதன் ஸ்குருவை எடுத்துக் கழற்றி வைக்கலாம்.

இந்த இரண்டாவது படியை மட்டும் தவறவிடாதீர்கள். இரண்டு டிஸ்க்குகளும் இணைந்திருந்தால், இன்ஸ்டாலரில் அவை சி, டி என்று தெரியாது. எஸ்டிஏ, எஸ்டிபி என்றே தெரியும். எது எதுவென்று குழம்ப வாய்ப்புண்டு. சரியான டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்தாலும், லினக்ஸைத் தொடங்கி வைக்கும் கிரப் என்னும் பூட் லோடர் விண்டோஸ் டிஸ்க்கின் பூட் பகுதியில் போய் அமர்ந்துவிடலாம். பிறகு ஒரு நாள் உபரி டிஸ்க்கைக் கழற்றினால், விண்டோஸ் திறக்காமல் கறுப்புத் திரை வந்து நிற்கும். இணைக்கப்படாத டிஸ்க்கில் எதுவும் எழுத முடியாது. இதைவிட நல்ல பாதுகாப்பு இல்லை.

3. பென் டிரைவைச் செருகி, கம்ப்யூட்டரை இயக்கி, பூட் மெனுவுக்கான கீயை அழுத்தவும். டெல் என்றால் எப்12, எச்பி என்றால் எப்9, எம்எஸ்ஐ போர்டு என்றால் எப்11. மெனுவில் பென் டிரைவைத் தேர்ந்தெடுக்கவும்.

4. லினக்ஸ் பென் டிரைவிலிருந்தே இயங்கத் தொடங்கும். உடனே இன்ஸ்டால் செய்ய வேண்டாம். ஒலி, வை-பை, பிரிண்டர் வேலை செய்கின்றனவா என்று சோதித்துப் பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் இங்கேயே நிறுத்திவிடலாம்.

5. டெஸ்க்டாப்பில் உள்ள இன்ஸ்டால் ஐகானில் டபுள் கிளிக் செய்திடவும். மொழி, கீபோர்டு கேட்ட பின், டிஸ்க்கை முழுவதும் அழித்து இன்ஸ்டால் செய்யும் ஆப்ஷன் கிடைக்கும். டிஸ்க்கின் அளவு உங்கள் உபரி டிஸ்க்கின் அளவுதானா என்று பார்த்துத் தொடரவும். நேர மண்டலமாகக் கொல்கத்தாவைத் தேர்ந்தெடுத்து, யூசர் பெயரும் பாஸ்வேர்டும் கொடுக்கவும்.

6. முடிந்ததும் பென் டிரைவை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்திடவும். லினக்ஸ் சரியாகத் திறந்தால், மீண்டும் ஷட் டவுன் செய்து, பவர் கேபிளை எடுத்துவிட்டு, விண்டோஸ் டிஸ்க்கை இணைக்கவும். இனி எந்த சிஸ்டம் வேண்டுமோ அதன் டிஸ்க்கைப் பூட் மெனுவில் தேர்ந்தெடுக்கலாம்.

பின்னர் இரண்டு விஷயங்கள் உங்களைத் திகைக்க வைக்கலாம். விண்டோஸுக்குத் திரும்பும்போது கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கிக் காட்டலாம். மதர் போர்டில் உள்ள கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை வைக்கிறது. விண்டோஸ் அதை இந்திய நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. டிஸ்க்கில் பழுது எதுவும் இல்லை. இண்டர்நெட் மூலம் நேரத்தைச் சரி செய்து கொள்ளலாம். அடுத்து, விண்டோஸ் டிஸ்க்கில் உள்ள பைல்களை லினக்ஸில் படிக்க முடியும், ஆனால் எழுத முடியாமல் போகலாம். விண்டோஸின் பாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியை நிறுத்தினால் இது பெரும்பாலும் தீரும்.

பயர்பாக்ஸும் லிப்ரே ஆபீஸும் மின்ட்டில் உடன் வருகின்றன. ஒரு மாதம் பயன்படுத்திப் பாருங்கள். பிடிக்காவிட்டால் உபரி டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள். உங்கள் விண்டோஸ் பழையபடியே இயங்கும்.