பூஜ்யத்தைப் பார்த்துப் பயந்தவனுக்கு

அன்புள்ள கதிர்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தேன். ஏன் என்று கேட்ட உன் சித்தியும் சேர்ந்து சிரித்தாள். கோபித்துக்கொள்ளாதே. டிஸ்க்கில் எவ்வளவு இடம் மிச்சம் என்று பார்க்க, பைத்தான் ஸ்கிரிப்டுக்குள் ஓஎஸ்.சிஸ்டம் போட்டு ‘டிஎஃப்’ கமாண்டை ஓட்டினாய். வேரியபிளைப் பிரிண்ட் செய்தால் பூஜ்யம். இடமே இல்லையென்று பதறி, திருவிழாப் படங்களை அழித்துவிட்டாய். அட மக்கு! அது இடத்தின் கணக்கில்லை. “போன காரியம் நல்லபடியாக முடிந்தது” என்று கமாண்ட் சொன்ன சேதி. யூனிக்ஸ் வழக்கத்தில் பூஜ்யம்தான் வெற்றி. நீ தேடிய விவரம் அதற்கு மேலே திரையில் ஓடியிருக்கும். அதை நீ பார்க்கவே இல்லை.

ஒரு கமாண்டுக்கு வாய் இரண்டு. விடை சொல்ல எஸ்டிடிஅவுட், புலம்ப எஸ்டிடிஎர். முடித்துக் கிளம்பும்போது ஓர் எண்ணையும் கொடுத்துவிட்டுப் போகும். ஓஎஸ்.சிஸ்டம் உனக்குத் தருவது அந்த எண்ணை மட்டும். மூன்றும் வேண்டுமென்றால் சப்பிராசஸ் மாட்யூலின் ‘ரன்’தான் வழி. பைத்தான் 3.5-இல் வந்தது. 3.7 முதல் ‘கேப்சர் அவுட்புட்’, ‘டெக்ஸ்ட்’ இரண்டையும் ட்ரூ என்று கொடுத்தால் போதும்.

டெக்ஸ்ட் எதற்கு என்பாய். அது இல்லாமல் கைக்கு வருவது எழுத்தில்லை, பைட். ‘அம்மா’ என்று ஒரு ஃபைல் இருந்தால், யூடிஎஃப்-8-இல் அது 15 பைட். பெற்றவளையே அடையாளம் தெரியாமல் விழிப்பாய். இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அடுத்த கடிதம் அதற்காக வரும். விடையின் வாலில் பெரும்பாலும் ஒரு நியூலைன் ஒட்டியிருக்கும். பாஷில் டாலர் குறியும் அடைப்புக்குறியும் போட்டுப் பிடித்தால் ஷெல்லே அந்த வாலை நறுக்கிவிடும். பைத்தான் நறுக்காது. ‘ஸ்டிரிப்’ போடுவது உன் பொறுப்பு.

“ஷெல்லை ட்ரூ என்று வைத்தால் ஒரே வரியில் முடிகிறதே, சித்தப்பா?” முடியும். உன்னையும் சேர்த்து முடித்துவிடும். ‘தேர் படம்’ என்று நடுவில் இடைவெளி விட்டுப் பெயர் வைத்திருப்பாய். ஷெல் அதை இரண்டு ஃபைலாக எடுத்துக்கொள்ளும். எவனாவது பெயருக்குள் ஓர் அரைப்புள்ளி போட்டு, பின்னாலேயே அழிக்கும் கமாண்டை எழுதி அனுப்பினால் அதையும் பணிவாக ஓட்டும். கமாண்டையும் அதற்குக் கொடுப்பதையும் ஒரு லிஸ்டாகக் கொடு. ஒவ்வொன்றும் சிதையாமல் போய்ச் சேரும். நட்சத்திரக் குறி விரியவில்லையே என்று குதிக்காதே. அதை விரிப்பது ஷெல்லின் வேலை. உனக்கு ‘குளோப்’ மாட்யூல் இருக்கிறது.

அப்புறம், பெரிய ஆள் மாதிரி ‘பிஓபன்’ எடுத்து, பைப் மாட்டி, ‘வெயிட்’ போட்டு உட்காராதே. லினக்ஸில் பைப் வழக்கமாக 64 கேபிதான் கொள்ளும். அது நிறைந்ததும், நீ படிப்பாய் என்று கமாண்ட் காத்திருக்கும். அது முடிக்கும் என்று நீ காத்திருப்பாய். பந்தியில் “நீங்க முதல்ல உட்காருங்க” என்று இரண்டு சம்பந்திகள் நிற்பதுபோல இரண்டும் நிற்கும். ‘ரன்’ இந்தச் சிக்கலில் மாட்டாது.

எண்ணைப் பார்க்காமல் விடாதே. என் பேக்கப் ஸ்கிரிப்ட் பல மாதம் இரவுதோறும் “முடிந்தது” என்று லாகில் எழுதியது. டிஸ்க் நிரம்பி, காப்பி ஒவ்வொரு நாளும் தோற்றிருக்கிறது. புலம்பலை நான் எங்கும் பிடித்து வைக்கவில்லை, எண்ணையும் கேட்கவில்லை. ‘செக்’கை ட்ரூ என்று வைத்திருந்தால் முதல் இரவே ஸ்கிரிப்ட் அலறி நின்றிருக்கும். அதற்காக எல்லா இடத்திலும் கண்ணை மூடிக்கொண்டு போடவும் கூடாது. ‘கிரெப்’ 1 என்று சொன்னால் தேடியது கிடைக்கவில்லை என்று அர்த்தம். அது தப்பில்லை. 2 என்றால்தான் கோளாறு.

கடைசியாக ஒன்று. டிஸ்க் இடம் பார்க்க டிஎஃப்பே வேண்டாம். பைத்தான் 3.3 முதல் ‘ஷுட்டில்’ மாட்யூலில் ‘டிஸ்க் யூசேஜ்’ இருக்கிறது. ஒரே வரி. இதை முதலிலேயே சொல்லியிருந்தால் மிச்சத்தைப் படித்திருப்பாயா?

திருவிழாப் படங்களுக்காக அழாதே. ஒரு தரம் சூடுபட்ட பிறகு என் பேக்கப் ஒழுங்காக ஓடுகிறது. நீ போன மாதம் அனுப்பியது எல்லாம் அதில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்கிக்கொண்டு போ. சித்தி அடை சுடுகிறாள்.

உன் சித்தப்பா