விரலுக்கேற்ற வீக்கம்: சின்ன பட்ஜெட்டில் ஓர் அரசு மென்பொருள்



இறுதியாண்டு ப்ராஜெக்ட் என்றதும் ரெடிமேடாக ஒன்றை வாங்கி, பைண்டிங் போட்டு, வைவாவில் தலையைச் சொறிவது நம்மில் பலருக்கு வழக்கம். அப்படிச் செய்யக் கூடாது என்று நாங்கள் மூன்று பேர் முடிவு செய்தோம். குரோம்பேட்டைப் பக்கம் ஓர் அரசு அலுவலகத்தில் மனுக்களைப் பதிவு செய்யும் மென்பொருள் எழுதித் தர ஒப்புக்கொண்டோம். கிடைத்தது ஒரு பழைய கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், செலவுக்கு 8,000 ரூபாய். அதில் கற்றுக்கொண்ட பாடங்கள் இவை.

1. முதலில் ஒரே வேலை

முதல் நாள் அதிகாரி மனு, வருகைப் பதிவு, ஸ்டோர் இருப்பு, சம்பளப் பட்டியல் என்று அடுக்கினார். எல்லாவற்றுக்கும் "சரி சார்" என்றோம். இரண்டு வாரம் வீணாயிற்று. எங்கள் கைடு, "விரலுக்கேத்த வீக்கம் வேணும்டா" என்றார். அதன் பிறகு ஒரே வரி எழுதினோம்: 'மனு எண்ணைச் சொன்னால், மனு எந்த மேசையில் இருக்கிறது என்று தெரிய வேண்டும்.' மற்றவை 'பிறகு' பட்டியலில். அதிகாரியிடம் கையெழுத்தும் வாங்கினோம்.

பணம் நிறைய இருந்தால் இது தேவையில்லை என்று நினைக்காதீர்கள். அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீட்டு இணையதளம் கோடிக்கணக்கான டாலர் செலவில் 2013 அக்டோபர் 1-ல் திறக்கப்பட்டது. முதல் நாளில் பதிவை முடிக்க முடிந்தவர்கள் ஆறே பேர்!

2. லைசென்ஸ் இலவசம், உழைப்பு இலவசம் இல்லை

கட்டற்ற மென்பொருளுக்கும் நம் ஊருக்கும் தொடர்பு உண்டு. மத்திய அரசு 2005-ல் தொடங்கிய தேசிய கட்டற்ற மென்பொருள் வள மையத்தை நடத்தியவை சென்னை சி-டாக் நிறுவனமும், நம் குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் உள்ள ஏ.யு.-கே.பி.சி. ஆராய்ச்சி மையமும்தான். டெபியனை அடிப்படையாகக் கொண்ட 'பாஸ்' லினக்ஸ் 2007-ல் வெளிவந்தது அந்த முயற்சியில்தான்.

நாங்களும் லினக்ஸ், பி.எச்.பி., மைஎஸ்க்யூஎல் என்று போட்டோம். லைசென்ஸ் செலவு பூஜ்யம். ஆனால் கவுண்டரில் இருந்த அக்கா பழைய டைப்ரைட்டர் முறையில் தமிழ் அடித்துப் பழகியவர். நாங்கள் வைத்ததோ தமிழ்99. "தம்பி, என் விரலுக்கு இது வராதுப்பா" என்றார். டைப்ரைட்டர் விசைப்பலகையை அமைத்து, அவருக்குப் பழக்கிக் கொடுக்க மூன்று நாள் ஆயிற்று. அந்த மூன்று நாளும் செலவுதானே? திட்டத்தில் அதற்கு இடம் வைக்க வேண்டும்.

3. செலவு கோடிங்கில் இல்லை, டேட்டாவில்

கர்நாடகத்தின் 'பூமி' திட்டத்தைப் பாருங்கள். ஏறத்தாழ 2 கோடி நில ஆவணங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். மென்பொருளை எழுதியது தேசிய தகவலியல் மையம். ஆனால் பெரிய வேலை, பழைய பதிவேடுகளை உள்ளிட்டு, பிரிண்ட் எடுத்து, கிராமக் கணக்கர்களைக் கொண்டு சரிபார்த்ததுதான்.

இது எங்களுக்குப் பட்ட பிறகுதான் புரிந்தது. அஸ்தினாபுரத்திலிருந்து ஒரு பாட்டி, முதியோர் உதவித்தொகை மனு என்ன ஆச்சு என்று கேட்டு வந்தார். எண் 271. கம்ப்யூட்டர், 'அப்படி ஒரு மனு இல்லை' என்றது. பாட்டி ஒன்றும் பேசாமல் சீட்டை முந்தானையில் முடிந்துகொண்டு திரும்பினார். அக்காதான், "இருங்க பாட்டி" என்று பழைய ரிஜிஸ்டரைப் பிரித்தார். மனு இருந்தது! 271-ஐ 211 என்று ஏற்றியது நான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் முதல் ஒருவர் ரிஜிஸ்டரைப் படிக்க, இன்னொருவர் பிரிண்டில் டிக் அடிக்க, 1,140 பதிவுகளையும் சரிபார்த்தோம். 63 தவறுகள்! பெயரைக் கொண்டு தேடவும் வசதி செய்தோம். 'இல்லை' என்ற வாசகத்தை எடுத்துவிட்டு, 'கிடைக்கவில்லை, பதிவேட்டைப் பார்க்கவும்' என்று மாற்றினோம். ஒரு மாதம் ரிஜிஸ்டரும் கம்ப்யூட்டரும் சேர்ந்தே ஓடின.

4. கணக்கு

டேட்டா என்ட்ரி கூலி 4,500
யு.பி.எஸ். பேட்டரி 1,400
பேக்கப்புக்கு இரண்டு பென் டிரைவ் 900
பிரிண்ட், ஜெராக்ஸ் 700
கையிருப்பு 500
மொத்தம் ரூ. 8,000

பாதிக்கு மேல் டேட்டாவுக்கே போனதைக் கவனியுங்கள். கையிருப்பு 500-ஐ யாரும் தொடக் கூடாது என்று வைத்திருந்தோம். கடைசி வாரம் மவுஸும் கீபோர்டும் போனபோது அதுதான் காப்பாற்றியது.

5. நாம் போன பிறகு?

டிப்ளமா முடிந்தால் நாம் போய்விடுவோம். அலுவலகம் அங்கேயேதான் இருக்கும். 'பூமி'யில் தொடக்க காலத்தில் ஒரு நகலுக்கு 15 ரூபாய் வாங்கினார்கள். அன்றாடப் பராமரிப்புக்கு அந்த வருமானம் கைகொடுத்தது. எங்களுக்கு அப்படி வழி இல்லை. எனவே பேக்கப் எடுப்பது எப்படி, பிரிண்டர் நின்றால் என்ன செய்வது என்று தமிழில் நான்கு பக்கம் எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தோம்.

இன்னொன்று. வார்டு எண்ணைக் கோடுக்குள் எழுதி வைக்காதீர்கள். 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம் உட்பட 5 நகராட்சிகளும் 5 பேரூராட்சிகளும் சேர்ந்து 70 வார்டுகள் கொண்ட தாம்பரம் மாநகராட்சி ஆயிற்று. பட்டியல் தனி டேபிளில் இருந்தால் ஒரு நாள் வேலை. கோடுக்குள் இருந்தால் புரோகிராம் முழுவதையும் துருவ வேண்டும்.

நண்பர்களே, பட்ஜெட் சின்னதாக இருப்பது குற்றமில்லை. அதைத் தெரிந்துகொண்டு வேலையைச் சின்னதாக வெட்டி, அதை ஒழுங்காக முடிப்பதுதான் நிர்வாகம். நம் திரையில் ஓர் எண் தவறினால், கவுண்டருக்கு வெளியே ஒருவர் வெறுங்கையோடு வீடு திரும்புவார். அதை மறக்காமல் கீபோர்டில் கை வைப்போம்!